ஐஸுக்குப் போட்ட உப்பு

பலகைமேல் ஐஸ்கட்டி வழுக்கிப் போகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், டீச்சரம்மா. சர்ர்ர் என்று நீளமாக வரும். பிறகு ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. அதற்கப்புறம் ஐஸ் சேர்த்து வைக்கிற அந்த வட்டக் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து தொம் என்று கேட்கும். நடுவில் ஒன்றுமே இல்லாத அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். எனக்கு அப்போது ஏழு வயசு, எட்டு வயசு. மதராஸ் கடற்கரை. அப்பா அங்கே ஐஸ் இறக்குகிற கூலி.

டீச்சரம்மாதானே நீங்கள்? கையில் குடை, மடியில் புத்தகம், காலில் செருப்பு. குன்னூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறீர்கள். பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். ஏன் நின்றுகொண்டே இருக்கிறீர்கள்? இந்த மூட்டைமேல் உட்காருங்கள். உமிதான், நசுங்கினாலும் ஒன்றுமில்லை. இந்தக் கல்லாறு ஸ்டேஷனில் இருப்பது ஒரே பெஞ்சு, அதில் அந்தச் செட்டியார் காலை நீட்டிப் படுத்துவிட்டார். மேலே தண்டவாளத்தில் பாறை விழுந்து கிடக்கிறது. கீழே பாலத்துக்குமேல் ஆறு போகிறது. ஸ்டேஷன் மாஸ்டரை மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் "ஆகும்மா, ஆகும்" என்றார். என்ன ஆகும் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். மேலும் போக முடியாது, கீழும் போக முடியாது. நான் பேசுவதைக் கேட்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி கிடையாது.

என்ன சொன்னேன்? ஐஸ். அமெரிக்காவில் குளம் குளமாக உறைந்து போகுமாம். ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் புதைத்து, நாலு மாசம் கப்பலில் கொண்டுவருவார்கள். அப்பா அதில் ஒரு துண்டைத் துணியில் முடிந்து எனக்காக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடிவருவார். வந்து முடிச்சை அவிழ்த்தால் துணி மட்டும் இருக்கும். அம்மா சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன். அந்தத் துணியைப் பிழிந்து குடிப்பேன். நாலு மாசம் கடலில் கரையாதது நாலு தெருவில் கரைந்துவிடுகிறதே, இது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்பாவுக்குப் பத்திரமாகக் கட்டத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார், அப்பாவின் கீழே. அவர் பெயரை நான் சொல்லக் கூடாது. திருப்பதியில் எத்தனை மலை என்று எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பெயர். நல்ல உயரம். ஒரு ஆள் பாரத்துக்கு ஐஸைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் ஓடுவார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் எந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், கப்பல் வருவது நின்றுபோனது. அவர் போய்ச் செங்கல் சூளையில் சேர்ந்துகொண்டார். சூளையில் அவன் சந்தோஷமாக இருந்தான் என்று என் மாமியார் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் எதைத்தான் சரியாகச் சொன்னாள்? ஐஸ் தூக்கின தோள் செங்கல் தூக்கினால் அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். எனக்குத் தெரியாதா?

ஒரு துரை வீட்டில் நான் ஆயாவாக இருந்தேன். கோடைக்கு அவர்களோடு ஊட்டிக்கு வந்தோம். துரைசாணிக்கு உடம்பு சரியில்லாமல் குளிர்காலத்துக்கும் அங்கேயே தங்கிவிட்டார்கள். தோட்டத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், நான் அவரை வரவழைத்தேன். மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, வாசலில் வைத்திருந்த வாளியைக் கவிழ்க்கிறேன், தண்ணீர் விழவில்லை. தட்டு மாதிரி வட்டமாக ஒரு ஐஸ் வந்து விழுந்து, கல்படியில் வழுக்கிக்கொண்டு போனது. சர்ர்ர். அதே சத்தம், டீச்சரம்மா. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரை எழுப்பிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் பார்த்தார். "குளிருது, உள்ள வா" என்றார். வாய் அப்படித்தான் சொல்லியது. கண்ணில் ஆசை வந்துவிட்டது. எனக்குத் தெரியாதா?

இப்படித்தான் அவர் ஐஸ் வியாபாரத்தில் இறங்கினார்.

பிடிவாதக்காரர். ஒன்று எடுத்தால் விட மாட்டார். முதல் வருஷம் பானையில் தண்ணீர் ஊற்றிப் புல்வெளியில் வைத்தோம். மேலே ஆடை மாதிரிப் படிந்ததே தவிரக் கட்டியாகவில்லை. கட்டியான பானையோ வெடித்துப்போனது. "பானையெல்லாம் போச்சு தாயாரு, நாமளும் போயிடலாம்" என்றார். என் பெயர் தாயாரம்மாள். அவர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? வேறு பாத்திரம் தேடு என்று அர்த்தம். நான் குயவரிடம் போய் அகலமான மண்தட்டுகள் செய்யச் சொன்னேன். அடியில் வைக்கோல், தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர். காலையில் பார்த்தால் அப்பளம் அப்பளமாக ஐஸ்.

இரண்டாம் வருஷம் அந்த அப்பளங்களை எல்லாம் ஒரு குழியில் போட்டு இடித்து இறுக்கினோம். பங்குனியில் மூடியைத் திறந்தால் கிணறு. அடியில் ஊற்று இருந்திருக்கிறது. அதில் முகம் பார்க்கலாம். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்குப் போகலாம் தாயாரு. எனக்கு நெஞ்சு முட்டுது" என்றார். ஊட்டியில் யாருக்குத்தான் நெஞ்சு முட்டவில்லை? நான் சரிவாகப் பார்த்து வேறு இடத்தில் குழி வெட்டச் சொன்னேன். அடியில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால், சுற்றிலும் இரண்டு முழத்துக்கு உமி.

மூன்றாம் வருஷம் குழி நிறைந்தது.

நான் துரைசாணிக்குக் காபி கொண்டுபோக வேண்டும், அதனால் குழிக்குள் இறங்குவது அவர்தான். நான் மேலே நின்று கூடையைச் சாய்ப்பேன், அவர் உள்ளே திமிசுக் கட்டையால் இடிப்பார். ஆரம்பத்தில் தலைப்பாகை தெரியும், குனிந்தால் அதுவும் தெரியாது. பூமிக்குள்ளிருந்து தொம் தொம் என்று சத்தம் மட்டும் வரும். நடுநடுவே "தாயாரு" என்று கூப்பிடுவார். "என்ன?" என்பேன். "ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பார்த்தேன்" என்பார். இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தரம். எனக்குச் சிரிப்பாக வரும். ஏணி அங்கேதானே சாத்தியிருக்கிறது, ஏறி வந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?

அந்தச் சமயத்தில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் துரை ஒருவர் எங்கள் துரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். என் ஐஸைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுக் கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சித்திரையில் ஜுரக்காரர்களுக்குத் தலையில் வைக்க ஐஸ் கிடைப்பதில்லை, ரயிலில் வருவது பாதி தண்ணீராகிவிடுகிறது என்றார். ஆறு பெட்டி அனுப்பு, மூன்று பெட்டி கட்டியாக வந்துசேர்ந்தாலும் இனி வருஷா வருஷம் உன்னிடம்தான் என்றார். சொன்னாரா இல்லையா? சொன்னார். துரைசாணி சாட்சி.

இதை ஓடிப்போய் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார் எப்போதும். நான் சொல்லி முடித்ததும் வலது கையை நீட்டினார்.

"அடி."

"எதுக்கு?"

"சத்தியம் பண்ணு. இந்த வண்டி போய்ச் சேரலன்னா, நாம கீழ போயிடணும். நான் மறுபடி அந்தக் குழியில எறங்க மாட்டேன்."

"சேந்துட்டா?"

"சேந்துட்டா எறங்கறேன். சாகற வரைக்கும் எறங்கறேன். அடி."

அடித்தேன். அந்த உள்ளங்கையில் ஓங்கி அடித்தேன். அந்தக் கை நினைவிருக்கட்டும் டீச்சரம்மா, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? அப்பாவின் ஈரத்துணிதான் கண்ணில் நிற்கிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மாட்டு வண்டியில் இரண்டு நாள். அங்கிருந்து ரயில். அதுவரைக்கும் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க நாம் என்ன செய்வோம்? நீங்களே சொல்லுங்கள். மீனை என்ன செய்கிறோம்? மாங்காயை என்ன செய்கிறோம்? நார்த்தங்காயை எடுத்துப் பத்து வருஷம் வைத்திருக்கிறோமே, எதைப் போட்டு?

கிளப்பில் பட்லராக இருந்தார் சவரி என்று ஒருவர். அவர் ஐஸ்கிரீம் செய்யும்போது நான் போய்ப் பார்ப்பேன். டப்பாவைச் சுற்றி ஐஸைப் போட்டு அதன்மேல் கல்லுப்பை அள்ளிப் போடுவார். "உப்பு எதுக்கு?" என்று கேட்டேன். "உப்பு போட்டாத்தான் குளிர் ஏறும். கையை வெச்சுப் பாரு" என்றார். வைத்தேன், உடனே இழுத்துக்கொண்டேன். அப்படிக் குளிர். அப்புறம் என்ன சந்தேகம்? மீனைக் காப்பாற்றுகிற அதே உப்புதான் ஐஸையும் காப்பாற்றுகிறது. இது இத்தனை நாள் எந்தத் துரைக்கும் தோன்றவில்லை.

ஈயத் தகடு ஒட்டின ஆறு தேயிலைப் பெட்டி வாங்கினேன். சித்திரை பிறந்து நாலாம் நாள் விடியற்காலை குழியைத் திறந்தோம். டீச்சரம்மா, ஒரு பாளம். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, அப்படி ஒரு நிறம். அவரே "அடேயப்பா" என்றார். வெட்டி எடுத்து நான் ஊறுகாய் போடுகிற மாதிரியே போட்டேன். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கல்லுப்பு, ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கல்லுப்பு.

அவர், "என்னது இது?" என்றார்.

"உப்பு. கெடாம இருக்க."

"ஐஸ் என்ன கெட்டா போகும்? உருகத்தானே செய்யும்?"

"ரெண்டும் ஒண்ணுதான். கையை வெச்சு அழுத்துங்க, எடம் விடாம."

அழுத்தினார். ஆறு பெட்டி. உப்பும் ஐஸும் கலந்த சேற்றுக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, மூலை மூலையாக அழுத்தினார். முதலில் "அப்பா" என்றார். ஆறாவது பெட்டியை மூடின பிறகுதான் கையை வெளியே எடுத்தார். வெள்ளையாக இருந்தது, மெழுகுவர்த்தி மாதிரி. "தாயாரு, கை எரியுது" என்றார்.

எரிகிறது என்றால் என்ன செய்வோம்? அடுப்பில் சுட்டுக்கொண்டால் என்ன செய்வோம்? குளிர்ச்சியாக எதையாவது வைப்போம். நான் யோசிக்கவே இல்லை. நல்ல கட்டியாக ஒன்று எடுத்து, துணியில் சுற்றி, அந்த விரல்களோடு சேர்த்துக் கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் எரியுதே" என்றார். "எரிச்சல் அடங்கறவரைக்கும் அவுக்காதீங்க" என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டேன். அவரும் அவிழ்க்கவில்லை. நான் சொன்னதை அவர் என்றைக்குமே தட்டினதில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. வண்டிக்காரர் சென்னியப்பன் மட்டும் இருந்தார், சத்தியமங்கலத்துப் பக்கத்து ஆள். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏனுங் அம்மிணி, பொட்டியில என்னத்தைப் போட்டீங்க?"

"ஏன்?"

"ரெண்டாம் வளைவுலயே ஒழுக ஆரமிச்சுப்போட்டுதுங்க. வழி நெடுக ஒழுக்கு. அதை விடுங்க, மாடுக. மேயற மாடெல்லாம் எறங்கி வந்து ரோட்டை நக்குதுங்க. என்ற எருது ரெண்டும் நடக்க மாட்டேன்னு திரும்பித் திரும்பி வண்டியை நக்குது. நான் முப்பது வருசமா இந்த மலை ஏறி எறங்கறேன், இப்பிடி ஒரு கூத்தைப் பாத்ததில்லீங்."

பார்த்தீர்களா? மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, அது எப்பேர்ப்பட்ட ஐஸ் என்று.

"அவர் எங்க?" என்றேன்.

"ஏழுமலையண்ணனுக்குக் கை ஆகலீங்க. மேட்டுப்பாளையத்துல பொட்டியைத் தெறந்தா தண்ணி. அவரு அந்தத் தண்ணியைப் பாத்துச் சிரிச்சாருங்க. அம்மிணி, சத்தியமாச் சொல்றேன், சின்னப் பையனாட்டம் சிரிச்சாரு. அப்பறம் துணியை அவுத்தாரு. அதைப் பாத்துட்டு நான்தான் ரயில்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன்."

எந்த டாக்டர் ஐஸ் கேட்டாரோ அதே டாக்டர்தான் இரண்டு விரலை எடுத்தார். வலது கையில் சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும். ஜனங்கள் எதையெதையோ சொன்னார்கள். சவரி என்னிடம் வந்து, "ஏம்மா, ஐஸுக்கு உப்பா? கருவாடா போட்டே? உப்பு ஐஸை உருக்கும்மா. உருகறதாலதான் அந்தக் குளிரே" என்றார். உருகினால் குளிருமாம். எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? அன்றைக்குக் குளிர் ஏறும் என்றவரும் இவர்தான். நடந்தது எனக்குத் தெரியும். வழியில் எங்கேயோ எங்கள் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார், சூடு உள்ளே போய்விட்டது. சென்னியப்பனைக் கேட்டேன், திறக்கவே இல்லை என்று எருதுமேல் அடித்துச் சொன்னார். வண்டிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இவர் வண்டிக்காரர் இல்லைதான். இருந்தாலும்.

சத்தியம் என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பார்வை அதுதானே? திறந்து பார்த்ததால் கெட்டது என்னும்போது, அந்த வண்டி போய்ச் சேராத வண்டியில் சேர்த்தியா? அதோடு, நான் அடித்தது முழுக் கையில். அந்தக் கையே பாதியாகிப்போனபிறகு சத்தியம் எதன்மேல் நிற்கும்? இதை நான் ஆஸ்பத்திரியில் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குக் காய்ச்சல். "நீ முன்னால போ தாயாரு, நான் வரேன்" என்றார். நான் வந்துவிட்டேன்.

அவர் வரவில்லை. அது நடந்து பதினெட்டு வருஷம்.

துரைசாணி சீமைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் இருக்கிறேன். குளிர்காலம் வந்தால் தட்டுகளை எடுத்து வைப்பேன், இருபது முப்பது தட்டு. குழி இருக்கிறது, கொஞ்சம் சரிந்துவிட்டது. இறங்க ஆள்தான் இல்லை, நானேதான் இறங்குகிறேன். உள்ளே இறங்கினால் ஒன்றும் கேட்காது டீச்சரம்மா, தன் மூச்சு மட்டும் கேட்கும். யாரையாவது கூப்பிடலாம் போல இருக்கும். கூப்பிட்டால் யார் மேலே நிற்கிறார்கள், "என்ன?" என்று கேட்க?

கோயமுத்தூரிலேயே எந்திர ஐஸ் வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும். பார்த்தேன் அதை. உள்ளே ஒரே வெள்ளை, புரை விழுந்த கண் மாதிரி. நம்முடையது அப்படியா? நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த உமி இந்த வருஷத்துக்குத்தான். நாலு மூட்டை. உங்கள் காலடியில் இருக்கிற சின்ன மூட்டையில் உப்பு. கல்லுப்பு இல்லை, இந்தத் தடவை பொடியுப்பு. கல்லுப்பென்றால் நடுவில் இடம் விட்டுவிடுகிறது, காற்றுப் புகுந்துவிடுகிறது. பொடி அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் படித்தவர்கள். புத்தகத்தில் இதெல்லாம் இருக்கும். உப்பு ஐஸைக் காப்பாற்றுமா, உருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

இல்லை, வேண்டாம். சொல்லாதீர்கள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள், வேண்டாம். நான் இப்போதுதான் நாலு மூட்டை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மழை குறைந்த மாதிரி இருக்கிறது. அதோ, ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை எடுத்துக்கொண்டு போகிறார். ஆகுமாம். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், கடைசியாக எழுந்தால் போதும். மூட்டையை ஏற்ற ஒரு கை கொடுங்கள். பார்த்து, முடிச்சு இறுக்கமாகத்தான் இருக்கும். மூன்று விரலால் போட்ட முடிச்சு, ஆனாலும் அவிழாது. வருஷா வருஷம் நான் போவதற்குள் கட்டி வைத்திருப்பார். "இன்னும் பண்றியா?" என்று கேட்பார். "நீங்க வந்தா நல்லா பண்ணலாம்" என்பேன்.

ஆமாம், அவர்தான். காரமடைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் இருக்கிறார். உமி போட்டு எரிக்கிற சூளை. இரண்டு விரல் இல்லாததால் கல் சுமக்க முடியாது, உமி தள்ளுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் சூளை வாயை விட்டு நகர மாட்டாராம். கேட்டால், கை குளிருது என்பாராம்.